எடைக்கு முன்னால் பாதத்தைப் பாருங்கள்: அட்டப்பாடியில் மெலிந்த குழந்தைகளை அளக்க வருபவர்களுக்கு

கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாக எல்லை தாண்டினால் கேரளத்தின் அட்டப்பாடி. அகளி, சோலையூர், புதூர் என்று மூன்று பஞ்சாயத்துகள். இருளர், முடுகர், குறும்பர் ஊர்கள். அவற்றுக்கு நடுவே தமிழ்நாட்டிலிருந்து வந்து தலைமுறைகளாகக் காடு கழனி பார்ப்பவர்கள், கீழ்நாட்டிலிருந்து ஏறி வந்த மலையாளிகள். 2013-ல் இங்கே கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதற்குப் பிறகு அங்கன்வாடிகள் மீதும் ஆஸ்பத்திரிகள் மீதும் கவனம் கூடியது. வெளியிலிருந்து வேலைக்கு வருபவர்களும் கூடினார்கள்: நர்சிங் முடித்த பெண்கள், சத்துணவியல் படித்தவர்கள், தொண்டு நிறுவனப் பிள்ளைகள். வந்த முதல் வாரத்திலேயே அவர்கள் கையில் ஒரு டேப்பும் ஒரு தராசும் வந்துவிடும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் எழுதும் எண்ணை வைத்துத்தான் ஒரு குழந்தை வீட்டிலேயே இருக்கலாமா, ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் சேர வேண்டுமா என்பது முடிவாகும். இங்கே எல்லோரும் என்.ஆர்.சி. என்றுதான் சொல்வார்கள். சேர்ந்தால் அந்தத் தாய் இரண்டு மூன்று வாரம் கூலியை விட்டு, மற்ற பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, அங்கேயே தங்க வேண்டியிருக்கும். சேர வேண்டிய குழந்தையை நாம் தவற விட்டால் அதன் உயிரே போகலாம். அதனால் அளப்பதை ஒரு படிவ வேலையாக நினைக்காதீர்கள்.

எடைக்குள் என்ன இருக்கிறது

தராசு ஒரே ஓர் எண்ணைத்தான் காட்டும். அந்த எண்ணுக்குள் நீர், கொழுப்பு, தசை, எலும்பு, உள்ளுறுப்புகள் என்று எல்லாம் சேர்ந்திருக்கின்றன. பிறந்த குழந்தையின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். ஒரு வயது வாக்கில் அது அறுபது சதவீதத்துக்குப் பக்கமாக இறங்கிவிடும், ஏனென்றால் அந்த வருடத்தில் கொழுப்பு சேர்கிறது.

மாதக்கணக்கில் சாப்பாடு போதாத குழந்தையின் உடம்பு கொழுப்பையும் தசையையும் கரைத்துச் செலவழிக்கும். கொழுப்பில் நீர் மிகவும் குறைவு. கொழுப்பு போகப் போக, மிச்சமிருக்கும் உடம்பில் நீரின் பங்கு கூடிவிடும். கூடவே செல்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் குறையும், சோடியம் உடம்பிலேயே தங்கும், செல்களுக்கு வெளியே நீர் தேங்கும். மூளை மட்டும் ஓரளவு காப்பாற்றப்படுகிறது. மெலிந்த குழந்தைக்குத் தலை பெரிதாகத் தெரிவது அதனால்தான்.

இதன் விளைவு என்னவென்றால், ஒரே எடையுள்ள இரண்டு குழந்தைகள் முற்றிலும் வேறு வேறு நிலையில் இருக்கலாம். ஒன்று எலும்பும் தோலுமாக இருக்கும். இன்னொன்று கன்னம் உப்பி, கால் உருண்டு, பார்க்கப் புஷ்டியாக இருக்கும். உள்ளே தசை கரைந்துபோய் அந்த இடத்தில் நீர் கோத்திருக்கும். இந்த இரண்டாவது வகையைத்தான் 1935-ல் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், அன்று கோல்ட் கோஸ்ட் என்று அழைக்கப்பட்ட கானாவிலிருந்து, குவாஷியார்கர் என்ற பெயரில் லான்செட் இதழில் எழுதினார். தராசை மட்டும் நம்பினால் இந்தக் குழந்தை நம் கண்ணில் படவே படாது. அதனால் நான் சொல்லும் வரிசை இது: முதலில் பாதம், அப்புறம் கை, அப்புறம் நீளம், கடைசியில் எடை.

அளக்கும் முன்னால்

குழந்தை சோர்ந்து கிடந்தால், கூப்பிட்டால் கண் திறக்காவிட்டால், உடம்பு சில்லிட்டிருந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால், அளவெல்லாம் அப்புறம். அந்தக் குழந்தை நேராக டாக்டரிடம் போக வேண்டும். கடுமையாக மெலிந்த குழந்தைக்கு ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், உடம்புச் சூடும் அப்படித்தான். மார்கழிக் காலையில் இந்த மலையில் ஐந்து நிமிடம் துணியில்லாமல் படுக்க வைப்பதே அதற்கு ஆபத்து. அளவெடுக்கும் அறையில் காற்று நேராக அடிக்கக் கூடாது, பக்கத்திலேயே ஒரு போர்வை இருக்க வேண்டும், துணியைக் கழற்றுவது எடை போடும் அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும்.

தாயிடம் என்ன செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். எடை பார்த்தால் கண்பட்டுவிடும் என்று பயப்படும் பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதம் செய்யாதீர்கள். எண்ணைச் சத்தமாகக் கூவாமல், தாயிடம் மட்டும் மெல்லச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும். அரைஞாண் கயிற்றையும் தாயத்தையும் அறுக்கச் சொல்ல வேண்டாம், அவற்றின் எடை பொருட்டல்ல. வெள்ளிக் கொலுசும் காப்பும் அப்படியில்லை; கழற்ற மனமில்லை என்றால் பதிவேட்டில் ‘கொலுசுடன்’ என்று குறித்துவிடுங்கள், அடுத்த முறையும் கொலுசோடே எடை பாருங்கள்.

பாதம்

இரண்டு பாதங்களின் மேற்புறத்திலும் உங்கள் கட்டை விரல்களை வைத்து, மெதுவாக, ஆனால் விடாமல் மூன்று நொடி அழுத்துங்கள். விரலை எடுத்ததும் பிசைந்த மாவில் அழுத்தியதுபோல் குழி அப்படியே நின்றால் அது நீர் வீக்கம். கண்ணால் பார்ப்பதை விட விரலால் தடவிப் பார்த்தால் குழி நன்றாகத் தெரியும். இரண்டு பாதத்திலும் இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒரு காலில் மட்டும் என்றால் முள் குத்தியிருக்கலாம், சீழ் பிடித்திருக்கலாம். அதற்கு வேறு வைத்தியம்.

பாதத்தோடு நின்றால் ஒரு பிளஸ். பாதத்திலிருந்து ஏறிக் கெண்டைக்கால், புறங்கை, முன்கை வரை வந்திருந்தால் இரண்டு பிளஸ். முகம், கண் இமை உட்பட உடம்பெங்கும் பரவியிருந்தால் மூன்று பிளஸ். சத்துக் குறைபாட்டால் இரு பாதத்திலும் குழி விழுந்தால் ஒரு பிளஸ் என்றாலும் அது கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுதான், எடையும் கையளவும் என்ன சொன்னாலும் சரி. மூன்று பிளஸ் குழந்தையை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, அன்றே ஆஸ்பத்திரிக்கு.

இங்கே ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், சமவெளியில் பயிற்சி எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. அட்டப்பாடியின் பழங்குடி ஊர்களில் அரிவாள் செல் ரத்தசோகை இருக்கிறது. சிக்கிள் செல் என்றால் இங்கே எல்லோருக்கும் புரியும். அந்த நோய் உள்ள சிறு குழந்தைக்குச் சில சமயம் இரண்டு கையும் இரண்டு காலும் ஒரே நேரத்தில் வீங்கும். அந்த வீக்கம் தொட்டால் வலிக்கும், சூடாக இருக்கும், குழந்தை வீரிட்டு அழும். சத்துக்குறைவால் வரும் நீர் வீக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது, அழுத்தினால் குழி நிற்கும். சந்தேகம் வந்தால் நீங்களே முடிவு செய்யாமல் கோட்டத்தரை பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அனுப்பி, சீட்டில் ‘வலியோடு வீக்கம்’ என்று எழுதிவிடுங்கள். சிறுநீரக நோயாலும் வீக்கம் வரும், அதையும் டாக்டர்தான் பிரித்துப் பார்ப்பார்.

கை

மேற்கையின் சுற்றளவை அளக்க, மூவாக் டேப் என்று எல்லோரும் சொல்லும் அந்த வண்ணப்பட்டை நாடா மிக எளிய கருவி. சிவப்பு, மஞ்சள், பச்சை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது நிறையும் வரை ஒரே கோடு: 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, கடும் குறைபாடு. 11.5 முதல் 12.5-க்குக் கீழ் வரை மஞ்சள், மிதமானது. 1974-ல் ஷாகிரும் மார்லியும் இப்படியொரு வண்ண நாடாவைப் பற்றி எழுதினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தலாம் என்பதுதான் அதன் பலம். தாய்மார்களுக்கே கற்றுக்கொடுக்கலாம், அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள்.

இடது கையை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கையை மடக்கி, தோளின் ஓரத்தில் தட்டுப்படும் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுப்பகுதியைப் பேனாவால் குறியுங்கள். குறித்த பிறகு கையை நீட்டித் தளர்வாகத் தொங்க விடுங்கள். டேப் தோலோடு ஒட்ட வேண்டும். தோல் சுருங்கினால் இறுக்கம் அதிகம், இடையில் வெளிச்சம் தெரிந்தால் தளர்வு. வண்ணத்தோடு நிறுத்திவிடாமல் மில்லிமீட்டர் வரை படித்து எண்ணையும் எழுதுங்கள். ‘சிவப்பு’ என்று மட்டும் எழுதினால், அடுத்த வாரம் 10.9-லிருந்து 11.3-க்கு ஏறியது யாருக்கும் தெரியாமல் போகும்.

வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தையின் எடை ஒரே நாளில் இறங்கிவிடும். கைச்சுற்றளவு அவ்வளவாக மாறாது. வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைப் பொறுத்தவரை கையளவை நம்புங்கள், எடையை நீர் ஏறிய பிறகு மறுபடி பாருங்கள்.

ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள கைக்குழந்தைக்கு இந்தக் கோடு பொருந்தாது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டலில் ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை 11.0 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஆபத்து என்று கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அந்த வயதில் அதை விட முக்கியம் தாய்ப்பால் எப்படிக் குடிக்கிறது என்பதை உட்கார்ந்து பார்ப்பது.

நீளம்

தவறு அதிகம் நடப்பது இங்கேதான். தராசில் நின்றுவிட்டால் எண் வந்துவிடும். நீளம் அப்படி வராது, இரண்டு பேர் வேண்டும், குழந்தை உதைக்கும், அழும், நெளியும்.

இரண்டு வயதுக்குக் கீழே படுக்க வைத்து நீளம், அதற்கு மேலே நிற்க வைத்து உயரம். வயது தெரியாவிட்டால் 87 சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பவர்களைப் படுக்க வையுங்கள். நிற்கும்போது உடம்பு கொஞ்சம் அமுங்குவதால் உயரம் நீளத்தை விடச் சற்றுக் குறைவாக வரும், அதற்கு 0.7 சென்டிமீட்டர் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தை நிற்கத் தெம்பில்லாமல் படுத்தே அளந்தால் 0.7 கழியுங்கள். சின்னக் குழந்தை படுக்கவே மறுத்து நின்றபடி அளந்தால் 0.7 கூட்டுங்கள். கூட்டினீர்களா கழித்தீர்களா என்பதைப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

நீளப்பலகையை மேசை மேல் வைக்காதீர்கள், தரையில் வையுங்கள். மண் தரையாக இருந்தால் சமமான இடம் தேடுங்கள். கொண்டை, பின்னல், ரிப்பன் எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொல்லுங்கள். தலைப்பக்கம் உதவியாளர் முட்டிபோட்டு உட்கார்ந்து, குழந்தையின் இரண்டு காதையும் உள்ளங்கையால் அணைத்தபடி, உச்சந்தலை பலகையைத் தொடும்படி பிடிக்க வேண்டும். குழந்தையின் பார்வை நேராக மேலே இருக்க வேண்டும், மோவாய் நெஞ்சில் இடிக்கவும் கூடாது, பின்னால் சாயவும் கூடாது. தாயை இதில் சேர்த்துக்கொள்வது நல்லது. “அக்கா, நீங்க தலைப்பக்கம் வந்து குனிஞ்சு உக்காருங்க. கண்ணு உங்க மூஞ்சியவே பாத்துட்டு இருக்கட்டும்” என்றால் பாதி அழுகை நின்றுவிடும்.

கால்பக்கம் நீங்கள். இடது கையால் இரண்டு முழங்காலையும் மென்மையாக அழுத்தி நேராக்கி, வலது கையால் கால்பலகையைத் தள்ளி, இரண்டு உள்ளங்காலும் முழுக்கப் படியும்படி ஒட்ட வைத்து, விரல்கள் மேல்நோக்கி இருக்கும்போது சட்டென்று படியுங்கள். 0.1 சென்டிமீட்டர் வரை. மெலிந்த குழந்தையின் மூட்டு மிக மென்மையானது, பலம் காட்டாதீர்கள். ரொம்ப உதைத்தால் ஒரு காலை மட்டும் நேராக்கிப் படிக்கலாம்.

முழங்கால் மடங்கியிருந்தால் என்ன ஆகும் என்று ஓர் உதாரணம். ஓர் ஆண் குழந்தை, உண்மையான நீளம் 70 சென்டிமீட்டர், எடை 6.5 கிலோ. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் 70 சென்டிமீட்டர் ஆண் குழந்தைக்கு மைனஸ் மூன்று எல்லை, அதாவது அந்த நீளத்துக்குரிய நடு எடையிலிருந்து மூன்று திட்ட விலகல் கீழே, 6.6 கிலோ. நம் குழந்தை அதற்குக் கீழே, கடும் மெலிவு. இப்போது முழங்கால் லேசாக மடங்கி நீளம் 69 என்று எழுதிவிட்டீர்கள். 69-க்கு அந்த எல்லை 6.5 கிலோ. எல்லைக்குக் கீழே இல்லை, அதனால் மிதமானது என்று ஆகிவிடும். ஒரு சென்டிமீட்டரில் ஒரு குழந்தை பட்டியலிலிருந்து நழுவிவிட்டது. அதனால் நீளத்தை இரண்டு முறை, முடிந்தால் இரண்டு பேர் தனித்தனியே, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் அளந்து ஒப்பிடுங்கள்.

எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதற்கும் அளவுகோல் உண்டு. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்துதான் இன்றைய வளர்ச்சி அட்டவணை வந்தது. இந்தியாவில் டெல்லிக் குழந்தைகள். அங்கே இரண்டு அளவாளர்களுக்கு இடையே நீளத்தில் 7 மில்லிமீட்டர், எடையில் 100 கிராம், கைச்சுற்றளவில் 5 மில்லிமீட்டர் வரைதான் அனுமதித்தார்கள். அதைத் தாண்டினால் இருவரும் மறுபடி அளக்க வேண்டும். அதே விதியை நம் அங்கன்வாடியிலும் வைத்துக்கொள்ளலாம், செலவு எதுவும் இல்லை. இரண்டுக்கும் சராசரி எடுத்து எழுதுங்கள்.

இன்னொன்று: பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். நீள எண்கள் எல்லாம் .0 அல்லது .5-ல் முடிந்தால் யாரோ கண்மதிப்பில் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எடை

தராசு சமதரையில் இருக்கிறதா, பூஜ்யம் காட்டுகிறதா என்று ஒவ்வொரு குழந்தைக்கும் முன்னால் பாருங்கள். காலையில் வேலை தொடங்கும்போது எடை தெரிந்த ஒரு கல்லை வைத்துச் சோதியுங்கள். அங்கன்வாடிக்குத் தந்திருக்கும் தாய்-சேய் தராசில் தாயை ஏற்றி, பூஜ்யமாக்கி, குழந்தையைக் கையில் கொடுத்தால் குழந்தையின் எடை மட்டும் வரும். போர்வையோடு எடை பார்க்க வேண்டுமென்றால் தாயை ஏற்றும்போதே போர்வையையும் கொடுத்துப் பூஜ்யமாக்குங்கள். மரக்கிளையிலோ உத்திரத்திலோ மாட்டும் தொங்கு தராசு 100 கிராம் கணக்கில்தான் காட்டும்; தினசரி எடை ஏற்றத்தைப் பார்க்க அது போதாது, என்.ஆர்.சி.யில் 10 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும்.

மையத்தில் இருக்கும் குழந்தைக்குத் தினமும் ஒரே நேரம், காலை முதல் பால் கொடுக்கும் முன்னால், ஒரே தராசில்.

வயதும் அட்டவணையும்

கைச்சுற்றளவுக்கும் நீளத்துக்கேற்ற எடைக்கும் துல்லியமான வயது தேவையில்லை. இந்தப் பகுதியில் அது ஒரு வரம். ஆறு மாதம் தாண்டியதா, ஐந்து வயதுக்குள்ளா, இரண்டு வயதுக்கு இப்பாலா அப்பாலா என்பது போதும். தடுப்பூசி அட்டை இல்லாத வீட்டில், மல்லீஸ்வரன் முடி மலைக்குச் சிவராத்திரிக்குப் போனபோது வயிற்றிலா மடியிலா, ஓணத்துக்குத் தவழ்ந்தானா நடந்தானா என்று கேட்டுப் பிடித்துவிடலாம். வயதுக்கேற்ற எடை என்ற பழைய கணக்கை மட்டும் வைத்து யாரையும் கடும் குறைபாடு என்று முடிவு செய்யாதீர்கள். அந்தக் கணக்கில் குட்டையாக வளர்ந்த குழந்தையும் சமீபத்தில் மெலிந்த குழந்தையும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுவார்கள்.

அட்டவணையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பக்கம். 70 சென்டிமீட்டரில் மைனஸ் மூன்று எல்லை ஆணுக்கு 6.6, பெண்ணுக்கு 6.3. பக்கம் மாறினால் முடிவும் மாறும். போனில் போஷன் டிராக்கர் செயலி தானாகக் கணக்குப் போட்டுவிடும்தான். ஆனாலும் முதல் சில மாதம் கையால் அட்டவணை பார்த்துப் பழகுங்கள், அப்போதுதான் தவறான எண் உள்ளே போனால் உறுத்தும். இசட் ஸ்கோர், அதாவது நடு எடையிலிருந்து எத்தனை திட்ட விலகல் என்ற எண், மைனஸ் ஐந்துக்கும் கீழே வந்தால் முதலில் அளவைச் சந்தேகப்படுங்கள், மறுபடி அளங்கள்.

கையளவும் நீளத்துக்கேற்ற எடையும் ஒரே குழந்தைகளைக் காட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கையளவு சின்னக் குழந்தைகளையும் குட்டையானவர்களையும் அதிகம் பிடிக்கும். எடைக்கணக்கு வேறு சிலரைப் பிடிக்கும். இரண்டில் ஒன்று சிவப்பு என்றாலும் குழந்தை கடும் குறைபாட்டில்தான் இருக்கிறது. ‘ஒன்றில்தானே’ என்று ஒதுக்கும் பழக்கம் வேண்டாம். வீக்கம் உள்ள குழந்தைக்கோ இசட் ஸ்கோர் கணக்கே போட வேண்டாம், அந்த எடையில் நீர் இருக்கிறது.

கொழுப்பும் தசையும்

அங்கன்வாடியில் இதுவரை சொன்னதே போதும். என்.ஆர்.சி.யிலோ ஆய்விலோ சேர்ந்தவர்கள் இன்னும் ஒரு படி போகலாம்.

மேற்கையின் பின்பக்கம், கைச்சுற்றளவுக்குக் குறித்த அதே மட்டத்தில், தோலையும் அடியிலுள்ள கொழுப்பையும் விரலால் தூக்கிப் பிடித்து, காலிபர் என்ற இடுக்கியால் அளப்பது தோல் மடிப்பு அளவு. விரல் குறிக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே பிடிக்க வேண்டும், இடுக்கி குறியின் மேல். இடுக்கியின் பிடியைத் தளர்த்தியதும் இரண்டு நொடியில் படியுங்கள். அதற்கு மேல் வைத்தால் கொழுப்பு அமுங்கி எண் இறங்கிக்கொண்டே போகும். இதைக் கற்றுக்கொள்ள நிறையப் பழக வேண்டும், வீக்கம் உள்ள குழந்தையிடம் செய்யவே கூடாது.

தோல் மடிப்பு கிடைத்தால் கைக்குள் தசை எவ்வளவு என்று மதிப்பிடலாம். கைச்சுற்றளவிலிருந்து, தோல் மடிப்பை 3.14-ஆல் பெருக்கிக் கழியுங்கள். கணக்குக்கு ஓர் உதாரணம்: சேரும்போது கை 11.2 சென்டிமீட்டர், மடிப்பு 5 மில்லிமீட்டர், அதாவது 0.5 சென்டிமீட்டர். தசைச் சுற்றளவு 9.6. வீட்டுக்குப் போகும்போது கை 12.4, மடிப்பு 8 மில்லிமீட்டர். தசைச் சுற்றளவு 9.9. கை 1.2 சென்டிமீட்டர் பெருத்தது, அதில் தசைப் பக்கம் வந்தது 0.3 மட்டும். மிச்சம் கொழுப்பு. கொழுப்பு வருவது கெட்டதில்லை, அந்தக் குழந்தைக்கு அதுவும் வேண்டும். ஆனால் தசை கட்டப் புரதத்தோடு துத்தநாகம், பொட்டாசியம், பாஸ்பரஸ் எல்லாம் வேண்டும். அவை போதாமல் வெறும் மாவும் சர்க்கரையும் எண்ணெயும் ஏறினால் எடை ஏறும், தசை ஏறாது. அங்கன்வாடியில் தரும் அமிர்தம் பொடி என்ற சத்துமாவோடு ராகி, துவரை, அவரை, முட்டை, கீரை என்று வீட்டுச் சாப்பாட்டையும் கூட்டச் சொல்வது அதனால்தான்.

இதை விடத் துல்லியமான முறைகள் பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு உரியவை. டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் கலந்த நீரைக் குடிக்க வைத்து, சில மணி நேரம் கழித்து உமிழ்நீரில் அது எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்த்து, உடம்பில் மொத்த நீர் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். அதிலிருந்து கொழுப்பில்லாத எடை கிடைக்கும். கையிலும் காலிலும் மின்முனை ஒட்டி, வலிக்காத சிறு மின்சாரம் செலுத்திப் பார்க்கும் கருவியும் உண்டு. இரண்டுக்குமே ஓர் அனுமானம் அடிப்படை: கொழுப்பில்லாத உடம்பில் நீர் வழக்கமான பங்கில்தான் இருக்கிறது என்பது. கடுமையாக மெலிந்த குழந்தையிடம் அந்த அனுமானமே உடைந்துபோகிறது என்று மேலே பார்த்தோம். யாராவது ஒரு கருவியைக் கொண்டுவந்து ‘கொழுப்பு இத்தனை சதவீதம்’ என்று காட்டினால், எந்த வயதுக் குழந்தைகளிடம், வீக்கம் இருந்தபோதா வடிந்த பிறகா சரிபார்த்தது என்று கேளுங்கள்.

குணமாகும்போது

வீக்கத்தோடு சேர்ந்த குழந்தைக்கு முதல் வாரத்தில் எடை இறங்கும். தாய் பதறுவார், “இங்க வந்தப்புறம் புள்ள இன்னும் எளச்சுட்டானே” என்பார். நீர் வடிகிறது, நல்ல செய்திதான் என்று வீக்கத்தை அழுத்திக் காட்டி விளக்குங்கள். வீக்கம் முழுக்க வடிந்த பிறகு வரும் எடைதான் அந்தக் குழந்தையின் உண்மையான தொடக்க எடை, அதிலிருந்துதான் ஏற்றத்தைக் கணக்கிட வேண்டும்.

கணக்கு இப்படி: ஏறிய கிராமை, தொடக்க எடை கிலோவாலும் நாட்களாலும் வகுங்கள். 6 கிலோ குழந்தை ஏழு நாளில் 6.42 ஆனால், 420-ஐ 6-ஆலும் 7-ஆலும் வகுத்தால் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 10 கிராம். பத்துக்கு மேல் நன்று, ஐந்துக்குக் கீழே என்றால் பால் அளவு சரியா, காய்ச்சலோ தொற்றோ இருக்கிறதா, இரவில் ஊட்டுகிறார்களா என்று தேட வேண்டும். ஆனால் வீட்டுக்கு அனுப்ப, ‘பதினைந்து சதவீதம் ஏறிவிட்டது’ என்ற ஒன்றை மட்டும் பார்க்காதீர்கள். மிகவும் மெலிந்து வந்த குழந்தை பதினைந்து சதவீதம் ஏறிய பிறகும் கடும் மெலிவிலேயே இருக்கலாம். எந்த அளவை வைத்துச் சேர்த்தீர்களோ அதே அளவு தேறியிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லிருந்தே சொல்கிறது: கையளவில் சேர்ந்தால் 12.5 தொட வேண்டும், எடைக்கணக்கில் சேர்ந்தால் மைனஸ் இரண்டுக்கு வர வேண்டும், இரண்டு வாரமாவது வீக்கம் இல்லாமல் இருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போன பிறகுதான் நம் எல்லைப் பகுதியின் தனிச் சிக்கல் தொடங்கும். குடும்பம் கூலிக்குக் கோவைப் பக்கம் இறங்கிவிடும், செங்கல் சூளையிலோ தோட்டத்திலோ இரண்டு மாதம் இருக்கும். இந்தப் பக்க அங்கன்வாடியில் பெயர் இருக்கும், குழந்தை அந்தப் பக்கம் இருக்கும். மலையாளத்தில் எழுதிய அட்டையை அங்கே யாருக்கும் படிக்க வராது. அதனால் அட்டையின் பின்பக்கம் தமிழிலும் எழுதிக் கொடுங்கள்: அளந்த தேதி, எடை, நீளம், படுத்தா நின்றா, கையளவு, வீக்கம் உண்டா இல்லையா, அடுத்து எப்போது அளக்க வேண்டும், உங்கள் மையத்து போன் நம்பர். ஊர்த் தலைவரான மூப்பனிடமும், பழங்குடித் துறையின் களப்பணியாளரான எஸ்.டி. புரோமோட்டரிடமும் குடும்பம் எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த ஊர் அங்கன்வாடி டீச்சருக்கு நீங்களே ஒரு போன் போட்டு, குழந்தை வருவதைச் சொல்லிவிடுங்கள்.